பட்டா கேட்ட அக்காவுக்கு நான் சொன்னது

சொத்துரிமை முதலில் தேவைப்படுவது ஏழைக்குத்தான் என்பதை இன்றும் நம்புகிறேன். பணக்காரருக்கு வக்கீல் இருக்கிறார், தெரிந்த அதிகாரி இருக்கிறார். ஏழைக்குக் கையிலிருக்கும் காகிதம்தான் காவல். தனிமனித சுதந்திரம், அரசின் எல்லை, சந்தை என்று டெல்லி கருத்தரங்குகளில் பல ஆண்டுகள் பேசினேன். மதராசி கேம்ப்பில் அதையே பேசித் தோற்றேன். கேட்டவர்கள் மேல் பழி சொல்ல எனக்கு இடமில்லை.

டெல்லியின் ஜங்புராவில், பாரபுல்லா நாலா என்ற வடிகாலின் கரையில் இருந்தது அந்தக் கேம்ப். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழர்கள் குடியிருந்த இடம். பக்கத்துக் காலனி வீடுகளில் பாத்திரம் தேய்த்தும் சமைத்தும் பெண்கள் சம்பாதித்த பணம், தகரத்தைச் செங்கல் சுவராக்கியது. சிலருக்கு மேலே ஒரு மாடியும் எழுந்தது. சட்டத்தின் கண்ணில் அத்தனையும் ஆக்கிரமிப்பு.

அங்கே போய், ஒரு வாசலில் கூடியவர்களிடம், பெரு நாட்டுப் பொருளாதார அறிஞர் ஹெர்னாண்டோ டி சோட்டோவைப் பற்றிப் பேசினேன். ஏழைகளிடம் வீடு இருக்கிறது, கடை இருக்கிறது, பத்திரம் இல்லை. அதனால் அடமானம் வைக்க முடியாது, நல்ல விலைக்கு விற்க முடியாது, அந்தச் சொத்து முடங்கிக் கிடக்கிறது என்று அவர் 2000-இல் எழுதிய புத்தகத்தின் வாதத்தை விளக்கினேன். வாதத்தில் பிழையில்லை. ஒரு அக்கா எழுந்து உள்ளே போய், பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். ரேஷன் கார்டு, வோட்டர் அட்டை, கணவரின் இறப்புச் சான்றிதழ், கரண்ட் பில். அவர் பெயர் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக இருந்தது.

"தம்பி, பட்டா வாங்கித் தர முடியுமா? முடியாதுன்னா, எந்தக் காகிதத்தப் பத்திரமா வைக்கணும்னாவது சொல்லுங்க."

2015 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்ததற்குச் சான்று வேண்டும் என்ற டெல்லி அரசின் மறுவாழ்வு விதி எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. தகுதிப் பட்டியல் என்பதே அநியாயம், நீங்கள் உரிமையைக் கேட்க வேண்டும் என்றேன். கவரைத் திருப்பிக் கொடுத்தேன். விதியை விளக்கினால் அதை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்று கொள்கை பேசியது என் மனம். உண்மைக் காரணம் வேறு. உட்கார்ந்து எழுத்துப் பிழை பார்ப்பது என் தகுதிக்குக் குறைவு என்று நினைத்தேன்.

சொத்துரிமை, சந்தை என்ற இந்தக் கருத்துகளைப் புதியவர்களிடம் கொண்டுசேர்த்தவர்கள் இப்படிச் செய்யவில்லை. ராஜாஜி 1952-இல் முதலமைச்சராக அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார்; சுதந்திரக் கட்சியைத் தொடங்கியது 1959-இல். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா என்று அவர் தாக்கியபோது, கடைக்காரருக்கும் விவசாயிக்கும் அகராதி தேவைப்படவில்லை. அரசு அலுவலக வாசலில் நின்று அவர்கள் தெரிந்துகொண்ட வார்த்தைகள் அவை. மகாராஷ்டிரத்தில் சரத் ஜோஷி இன்னும் ஒரு படி போனார். ஐ.நா. சார்ந்த அஞ்சல் அமைப்பின் வேலையை விட்டு வந்து, சாகண் அருகே நிலம் வாங்கித் தானே பயிரிட்டார். நஷ்டத்தைத் தன் கணக்கிலேயே பார்த்துவிட்டுத்தான் வெங்காய விவசாயிகளிடம் பேசினார். பிச்சை வேண்டாம், வியர்வைக்கு விலை கொடு என்று ஆயிரக்கணக்கானோர் திரண்டது அதனால்தான். இரண்டு பேரையும் நான் மேடையில் மேற்கோள் காட்டியிருக்கிறேன்.

2025 ஜூன் 1 அன்று, உயர் நீதிமன்ற உத்தரவின்படி கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். 189 குடும்பங்களுக்குத்தான் நரேலாவில் குடியிருப்பு என்றார்கள். அது ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளி. விடியற்காலையில் ஜங்புரா வீட்டில் சமையலுக்கு நிற்க வேண்டியவருக்கு அது வேறு ஊர். அந்த அக்காவின் பெயர் பட்டியலில் இல்லை.

இடிப்புக்குக் காரணமாகச் சொன்ன, நாலா அடைத்து மழையில் தண்ணீர் தேங்குகிறது என்ற கவலை பொய்யல்ல. ஆனால் பட்டா நிலத்தை அரசு எடுத்தால் 2013 சட்டப்படி இழப்பீடு தர வேண்டும். அரை நூற்றாண்டு உழைப்பில் எழுந்த சுவருக்கு ஏன் ஒரு ரூபாய்கூட மதிப்புப் போடவில்லை? சுதந்திரம் பேசுகிறவர்கள் அன்று உரக்கக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. என் வட்டத்தில் சிலர் பொது நிலம்தானே என்றார்கள். நான் மறுக்கவில்லை. தமிழிலோ இந்தியிலோ ஒரு பத்திகூட எழுதவில்லை. சொத்துரிமை பேசி வாழ்ந்தவன், ஒருவரின் சொத்து கண் முன்னால் இடிபட்டபோது அதைச் சொத்து என்று சொல்லத் துணியவில்லை.

அந்தக் காகிதங்களில் இருந்த பெயர் வேறுபாட்டுக்கு ஒரு நோட்டரி பிரமாணப் பத்திரம் போதுமா, போதாதா என்றுகூட நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தெரிந்த வக்கீல்கள் என் போனில் இருந்தார்கள்.