கடுகளவு பல் சொல்லும் கதை... ஆனால், அது எங்கே கிடந்தது?

மேட்டூர் அணையில் தண்ணீர் குறையத் தொடங்கினால் பண்ணவாடி பக்கம் கூட்டம் கூடிவிடும். முதலில் பழைய கிறிஸ்துவ ஆலயத்தின் கோபுரம் தலைகாட்டும். இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே வரும். 1934-ல் அணை கட்டி முடிக்கப்பட்டபோது நீருக்குள் போன ஊர்களின் மிச்சம் அவை. 120 அடி அணையில் இப்போது எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்பதை, நந்தியின் தலையைப் பார்த்தே சொல்லிவிடுகிற பெரியவர்கள் அங்கே உண்டு.

நந்தி அதே இடத்தில் இருக்கும்வரைதான் அந்தக் கணக்கு சரி. யாராவது அதை நகர்த்தி மேட்டில் வைத்துவிட்டால்?

அழிந்துபோன சின்னஞ்சிறு விலங்குகளைப் பல்லை வைத்து அடையாளம் காண்பவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு.

எலி அளவு விலங்கு ஒன்று செத்தால், அதன் மெல்லிய எலும்புகள் சீக்கிரம் நொறுங்கிவிடும். பல் மட்டும் தங்கும். உடம்பிலேயே கடினமான பொருள் பல்லின் எனாமல்தான். உங்கள் கடைவாய்ப் பல்லை நாக்கால் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக இருக்கிறதல்லவா? பாலூட்டிகளில் இந்த மேடுபள்ளம் இனத்துக்கு இனம் மாறும். பூச்சியைக் கடித்துத் தின்றதா, புல்லை அரைத்ததா என்பதும் அதில் தெரியும்.

அப்படி ஒரு கதைதான் ஹைதராபாத்துக்கு மேற்கே உள்ள நஸ்கலில் கிடைத்தது. அங்கே தக்காணத்து எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு நடுவே ஏரி மண் படிந்த அடுக்கு இருக்கிறது. அந்த மாதிரி மண்ணை மூட்டை மூட்டையாக எடுத்து, தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய சல்லடையில் அலசி, மிஞ்சும் பொடியை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. கிடைத்தவை கடுகளவுப் பற்கள்!

ஜி.வி.ஆர்.பிரசாத், அசோக் சாஹ்னி இருவரும் 1988-ல் 'நேச்சர்' இதழில் அதை அறிவித்தார்கள். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தைச் சேர்ந்த பாலூட்டி இந்தியாவில் கிடைத்தது அதுவே முதல்முறை. வயது சுமார் 6.6 கோடி ஆண்டுகள். 'டெக்கனோலெஸ்டஸ்' என்று பெயர் வைத்தார்கள். 'தக்காணத்துத் திருடன்' என்று பொருள் கொள்ளலாம். அதே நஸ்கலில் பின்னர் கிடைத்த கணுக்கால் எலும்புகள், இது மரம் ஏறக்கூடிய பிராணி என்று காட்டின.

இந்தப் பற்களுக்கு முகவரி இருந்தது. எந்த அடுக்கில் கிடைத்தன என்பது தெரியும். அதனால்தான் வயதும் தெரிந்தது.

இன்னொரு பல்லின் கதை வேறு மாதிரி. மத்தியப் பிரதேசத்தின் டிக்கி பாறை அடுக்கிலிருந்து வந்ததாக ஒரே ஒரு மேல் கடைவாய்ப் பல்லை 2005-ல் பி.எம்.தத்தா விவரித்தார். பெயர் 'டிக்கிதீரியம்'. அந்தப் பாறைக்கு வயது 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல். எனவே பாலூட்டி வம்சத்தின் மூத்த முன்னோர்களில் ஒன்றாக அது பேசப்பட்டது.

19 வருடங்கள் கழித்து, 2024-ல் அவெரியானோவ், வொய்ட்டா என்ற ரஷ்ய ஆய்வாளர்கள் அந்தப் பல்லின் வடிவத்தை மறுபடி ஒப்பிட்டார்கள். அவர்கள் சொன்ன முடிவு: அது முன்னோரும் இல்லை, மூத்ததும் இல்லை. நம் பிள்ளையாரின் வாகனமாகச் சொல்லப்படும் மூஞ்சூறின் உறவுக்காரப் பல்! வயதும் அதிகபட்சம் சுமார் 2.3 கோடி ஆண்டுகள்தான். அப்படியென்றால், பிற்காலத்துப் பல் எப்படியோ பழைய பாறை மண்ணோடு கலந்திருக்க வேண்டும்.

பல் பொய் சொல்லவில்லை. தான் மூஞ்சூறு என்று அதன் மேடுபள்ளம் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கூட வந்த முகவரிதான் தவறு.

சரி, மேட்டூரில் தேடினால் இப்படி ஏதாவது கிடைக்குமா? சேலம் வட்டாரத்துப் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு. பாலூட்டி என்ன, எந்த விலங்குமே தோன்றாத காலம் அது. ஆனால், கீழே அரியலூர் பக்கம் போனால் கதை மாறும். அங்கே கல்லமேட்டில் கிடைத்த ஒற்றைப் பல்லை வைத்துத்தான், ட்ரூடான்டிட் வகை டைனோசர் இந்தியாவில் இருந்ததாக 2013-ல் அறிவித்தார்கள்.

அரியலூர் ஓடைகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இதை மட்டும் மனதில் வையுங்கள். விசித்திரமான கல்லோ பல்லோ கண்ணில் பட்டால், பாக்கெட்டில் போட்டுக்கொள்ளாதீர்கள். கிடந்தபடியே படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் அளவும் தெரியும். போனிலேயே லொகேஷனைக் குறித்துக்கொண்டு, பக்கத்துக் கல்லூரியின் புவியியல் துறையிடமோ அருங்காட்சியகத்திடமோ சொல்லுங்கள். வீட்டு ஷோகேஸுக்கு வந்துவிட்டால், அது எந்த அடுக்கில் கிடந்தது என்பதை அப்புறம் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.