ஆமையோடு கோடிக்கரைக்கு!

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று எங்கள் பாட்டி அடிக்கடி சொல்வாள். ஆமை புகுந்த வீட்டுக்கு அதன் பின்னாலேயே அமீனாவும் வரக்கூடும் என்ற விஷயம் பாட்டிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கே 2023 நவம்பரில், ராத்திரி பதினோரு மணிக்கு, திண்டிவனம் தாண்டி ஓடிக்கொண்டிருந்த வேதாரண்யம் பஸ்ஸில்தான் தெரிய வந்தது.

பக்கத்து ஸீட்டில் ஓணான். பெயரைப் பார்த்து பயப்பட வேண்டாம், என் காலேஜ் சிநேகிதன்தான். இரண்டு பேரும் பி.காம். அக்கவுன்ட்ஸ் நோட்டில் ஒரு முறை பற்றுப் பக்கம் ஓணானின் தலை, வரவுப் பக்கம் அதன் வால் என்று அழகாக வரைந்து வைத்திருந்தான். புரொபசர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ''டேலி ஆகுதாடா?'' என்றார். அன்றிலிருந்து அவன் ஓணான்.

நான் கணக்கு எழுதப் போய், பிறகு அதை விட்டுக் கட்டுரை எழுத வந்தவன். அவன் ஆபீஸ் பக்கமே போகவில்லை. ஃப்ரீலான்ஸ் ஓவியன். (இந்த வார்த்தையில் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொள்ளும் வாடிக்கையாளர்கள் நம் ஊரில் ஜாஸ்தி.) கல்யாணப் பத்திரிகை, ஸ்கூல் புத்தகத்துக்கு வாழைமரம், பல் டாக்டர் கிளினிக்குக்குச் சிரிக்கும் பல் - எது வந்தாலும் வரைவான். ஆனால், மனசு பூரா பல்லி, பாம்பு, ஆமை. லீவு கிடைத்தால் ஸ்கெட்ச் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எங்காவது முள்காட்டில் போய் உட்கார்ந்துவிடுவான்.

அழகுக்காக வரைகிறான் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை, கிராமத்து ஆஸ்பத்திரிகளில் மாட்டுகிற பாம்புக்கடி போஸ்டருக்குக் கட்டுவிரியன் படம் போட்டுக் கொடுத்தான். படம் திரும்பி வந்துவிட்டது. ''ஏன், நல்லாத்தானே இருக்கு?'' என்றேன். தலையில் அடித்துக்கொண்டான். ''நான் போட்டது கட்டுவிரியன் இல்லடா. வெள்ளிக்கோல் வரையன். அதுக்கு விஷமே கிடையாது!''

இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. கறுப்பில் வெள்ளைப் பட்டை. ஆனால், வெள்ளிக்கோல் வரையனுக்குப் பட்டை கழுத்துப் பக்கம் பளிச்சென்று இருந்து வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்கு அநேகமாகத் தலைப் பக்கம் மங்கல், போகப் போகத் தெளிவு. முதுகின் நடு வரிசையில் கட்டுவிரியனுக்கு மட்டும் பெரிய பெரிய அறுகோணச் செதில்கள். உடம்பின் மத்தியில் குறுக்கே எண்ணினால் பதினைந்து வரிசை. இதை மாற்றி வரைந்தால், அந்தப் போஸ்டரை நம்பி ஒருவர், ''இது சாதுப் பாம்புதான்'' என்று திரும்பிப் படுத்துவிடலாம். கட்டுவிரியன் கடி பல சமயம் வலிக்கக்கூட வலிக்காது. தரையில் தூங்குகிற மனுஷன் தூக்கத்திலேயே போய்விடுவான். இந்தியாவில் 2000-லிருந்து 2019 வரைக்கும் பாம்புக் கடியில் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தை மூன்று தடவை திருத்தி வரைந்தான் ஓணான். கூலி ஒரு படத்துக்குத்தான்.

சரி, பஸ்ஸுக்கு வருவோம்.

கோடிக்கரைக்குப் போகலாம், மழை விட்டு விட்டுப் பெய்கிற சமயம், ஊர்வன எல்லாம் வெளியே வரும், நீ எழுது, நான் வரைகிறேன் என்று கூட்டி வந்திருந்தான். அப்போது கோயம்பேட்டிலிருந்துதான் பஸ். மடியில் இருந்த துணிப்பையை மேலே வைக்கவும் மாட்டேன் என்கிறான், கீழே வைக்கவும் மாட்டேன் என்கிறான். திண்டிவனம் தாண்டியதும் பைக்குள்ளிருந்து 'சரக்... சரக்...' என்று சத்தம்.

''என்னடா அது?''

''குபேரன்.''

எனக்குத் தூக்கம் போயிற்று. குபேரனை எனக்கு நன்றாகத் தெரியும். நட்சத்திர ஆமை. மயிலாடுதுறையில் இருக்கும் ஓணானின் அத்தை, வீட்டில் இருந்தால் காசு கொட்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கி, காசு கொட்டாததால் 2014-ல் மருமகனிடம் தள்ளிவிட்டது. அதை ஓணான் கூடத்தில் வைத்து வளர்த்தான். மாசம் பிறந்தால் ஒன்றாம் தேதி அதைத் தரையில் விட்டு, ஒரே கோணத்தில் ஒரு படம், கீழே தேதி. ஒன்பதரை வருஷத்தில் 114 படம் வந்திருக்க வேண்டும். இரண்டு மாசம் ஜுரத்தில் விட்டுப் போனதால் 112.

''இதை வெச்சிருக்கிறதே தப்புடா!'' என்றேன், குரலைத் தாழ்த்தி. கண்டக்டர் இரண்டு ஸீட் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்.

தப்புதான். நம் நாட்டு ஆமை, பாம்பு, உடும்பு எதையும் வீட்டில் வளர்க்க முடியாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. 2022-ல் அதைத் திருத்தியதில் நட்சத்திர ஆமை முதல் அட்டவணைக்கே போய்விட்டது. புலி இருக்கிற அட்டவணை! மூன்றிலிருந்து ஏழு வருஷம் வரை ஜெயில், குறைந்தபட்சம் 25,000 ரூபாய் அபராதம். வெளிநாட்டு மலைப்பாம்பு, இகுவானா வளர்க்கிற பையன்கள்கூட 2024-ல் வந்த விதிகளின்படி அரசாங்கத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குபேரனுக்கு அந்த வழியும் கிடையாது. அவன் உள்ளூர்க்காரன்.

''தெரியும்டா. அதான் கோடிக்கரைக் காட்டுல விட்டுடலாம்னு எடுத்துட்டு வந்தேன். அங்கே இவன் ஜாதி நிறைய இருக்கு.''

''இதை ஏறும்போதே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?''

''சொன்னா நீ ஏறியிருப்பியா?''

கடலூர், சிதம்பரம், சீர்காழி... எல்லா ஊரும் வந்து போயின. ஒரு ஊரிலும் நான் டீ குடிக்க இறங்கவில்லை. காக்கிச் சட்டை போட்ட யாரைப் பார்த்தாலும் வயிற்றைக் கலக்கியது. அதில் பாதிப் பேர் பஸ் டிரைவர்கள்!

வேதாரண்யத்தில் பொழுது விடிந்தது. அங்கிருந்து கோடிக்கரை போகிற வழியில் இரண்டு பக்கமும் உப்பளம். அகஸ்தியம்பள்ளியில் 1930-ல் ராஜாஜி உப்பு அள்ளிய இடத்தைப் பஸ் கடந்தபோது, சட்டத்தை மீறியவர்கள் எல்லாரும் ஒரே ரகமில்லை என்று எனக்குத் தோன்றியது.

கோடிக்கரையை நீங்கள் பார்த்ததில்லை என்றால் ஒரு மழைக்காலத்தில் அவசியம் போய்வாருங்கள். காவிரி டெல்டாவின் ஒரு மூலை, மூக்கை நீட்டிக்கொண்டு கடலுக்குள் நிற்கிறது. காடு என்றால் வானத்தை மறைக்கிற காடில்லை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூட, அடர்த்தியாக, வருஷம் பூராவும் பச்சையாக நிற்கிற உலர்ந்த காடு. நடுவே திடீரென்று புல்வெளி. புல்வெளியில் வெளிமான்கள். கிடா மானின் கொம்பு திருகித் திருகி மேலே போகும். ஓணான் அதை வரைய ஆரம்பித்து, திருகலை எண்ணுவதற்குள் மான் ஓடிவிட்டது. அந்த மான்களுக்காகத்தான் 1967-ல் இதைச் சரணாலயம் ஆக்கினார்கள். யாரோ எப்போதோ விட்டுவிட்டுப் போய், காட்டுப் பிராணியாகவே மாறிவிட்ட மட்டக் குதிரைகளும் மேய்கின்றன. சதுப்பில் பூநாரைகள். 2018 கஜா புயலில் சாய்ந்த மரங்களின் கட்டைகள் அங்கங்கே இன்னும் கிடந்தன. ராமர் பாதம் என்கிற மணல்மேடுதான் சுற்றுவட்டாரத்துக்கே பெரிய 'மலை'. மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம்.

குபேரன் லாட்ஜ் ரூமில், பக்கெட்டுக்குள். நாங்கள் மட்டும் டிக்கெட் வாங்கி, ஒரு வேட்டைத் தடுப்புக் காவலரோடு உள்ளே போனோம். ஐம்பது வயசு இருக்கும். ரப்பர் செருப்பு, கையில் குச்சி. பேச்சு குறைவு. தூறல் நின்று லேசாக வெயில் தலைகாட்டியதும் அவர் நின்று, குச்சியால் ஒரு புல் புதரைக் காட்டினார்.

நட்சத்திர ஆமை. ஈரப் புல்லை அவசரமில்லாமல் கடித்துக்கொண்டிருந்தது. கறுப்பு ஓட்டில் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலிருந்தும் மஞ்சள் கோடுகள் நாலா பக்கமும் சிதறுகின்றன. காய்ந்த புல் நிழலில் அந்தக் கோடுகள் அப்படியே கரைந்துபோகின்றன. மூன்றடி தள்ளி நின்றும் நான் முதலில் பார்க்கவில்லை.

ஓணான் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். அரை மணி நேரம் பென்சில் ஓடியது. பிறகு நின்றது. ஸ்கெட்ச் புத்தகத்தின் பின் அட்டைக்குள்ளிருந்து ஒரு பழைய படத்தை எடுத்து - போன மாசத்துக் குபேரன் - இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினான்.

எனக்கு ஓவியம் தெரியாது. ஆனால், இது குழந்தைக்கே தெரியும். காட்டு ஆமையின் முதுகு ஒரே வளைவாக, லேசான மேடுகளோடு வழுவழுவென்று இறங்கியது. குபேரனின் முதுகு, இட்லித் தட்டைக் கவிழ்த்து வைத்த மாதிரி குண்டு குண்டாக இருந்தது. மூக்கும் கிளி அலகு மாதிரி வளர்ந்து வளைந்திருந்தது.

''நான் இத்தனை நாளா, அதோட டிசைனே இதான்னு நெனச்சு வரைஞ்சிட்டிருந்தேன்டா'' என்றான்.

காவலர் எட்டிப் பார்த்தார். ''இது வூட்டு ஆமையா, சார்?''

ஓணான் எச்சில் விழுங்கினான். நான் குறுக்கே புகுந்து, ''இல்லண்ணே... எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வளர்க்கிறார். இங்கே கொண்டுவந்து விடலாமான்னு யோசிக்கிறார்...'' என்றேன். கோர்ட்டில் இப்படிச் சாட்சி சொன்னால் அன்றைக்கே தீர்ப்பு வந்துவிடும்.

அவர் என்னையும் பார்த்தார், அவனையும் பார்த்தார். ''அந்த ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. முட்டக்கோசும் சோறும் வாழப்பழமும் போட்டு, வெயில் படாம வெச்சிருந்தா ஓடு இப்படித்தான் தூக்கிக்கும். அது புல்லு திங்கிற ஜென்மம். இங்க கொண்டாந்து வுட்டாலும் தப்பு. வூட்ல எந்தச் சீக்கு புடிச்சுதுன்னு யாருக்குத் தெரியும்? இங்க இருக்கிறதுக்கு ஒட்டிக்கிட்டா? அது எந்த ஊர் ஆமையோ என்னவோ! ஆபீஸ்ல போய் ஒப்படைக்கச் சொல்லுங்க. அவ்ளோதான்.''

குச்சியை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். லாட்ஜ் எங்கே என்று கேட்காமல் விட்டாரே, அந்த மனுஷனுக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

போன வழியே ஆமையோடு திரும்பினோம். இந்த முறை பையை நான் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஓணான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, பேசவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் 112 படங்களையும் தரையில் வரிசையாகப் பரப்பினான். வீடு பூரா குபேரன். முதல் வருஷப் படங்களில் ஓடு ஏறக்குறைய வழவழப்பு. மூன்றாவது வருஷம் லேசாக மேடு. அப்புறம் மாசா மாசம் அரை மில்லிமீட்டர், கால் மில்லிமீட்டர் என்று ஏறிக்கொண்டே போகிறது. அவன் கை பொய் சொல்லவில்லை. பார்த்ததை அப்படியே வரைந்திருக்கிறது. கண்தான் கவனிக்கவில்லை.

ஒரு வாரம் இழுத்தடித்தான். ''அவன் என் காலடிச் சத்தம் கேட்டா தலையை நீட்டுவான்டா...'' என்பான். நான் சட்டப் பிரிவுகளை ஒப்பித்தேன், பலிக்கவில்லை. கடைசியில் என் மனைவிதான், ''அண்ணா, அதுக்கு உங்க மேல பாசம் இருக்கட்டும். முதுகு வலிக்குமோ என்னவோ!'' என்றாள். மறுநாள் காலை போன் செய்து, ''வா, போகலாம்'' என்றான்.

வனத்துறை அலுவலகம் ஒன்றில் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே கூப்பிட்டு, ஆமையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார்கள், எடை போட்டார்கள். எப்படி வந்தது என்று எழுதித் தரச் சொன்னார்கள். ஓணான் அத்தை கதையை ஒளிக்காமல் எழுதினான். கூடவே படக் கட்டையும் மேஜை மேல் வைத்தான். அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். திட்டவும் திட்டினார். ஆனால், கடைசியில், ''இதை எல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்க. டாக்டருக்கு உபயோகப்படும்'' என்றார். இதுவரை சம்மன் எதுவும் வரவில்லை. காலிங் பெல் அடித்தால் எனக்கு மட்டும் கொஞ்சம் திக்கென்கிறது.

இப்போது அவன் வீட்டில் ஆமை கிடையாது, ஒன்றும் கிடையாது. சுவரில் ஒரு பல்லி இருக்கிறது, அது தானாக வந்தது. மாசத்துக்கு ஒரு நாள் ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் பஸ் பிடித்து வடநெம்மேலியில் இறங்கிவிடுவான். 1976-ல் ராமுலஸ் விட்டேக்கர் ஆரம்பித்த முதலைப் பண்ணை. போன மாசம் நானும் போயிருந்தேன்.

''மாடலுக்குக் காசு கிடையாது, அசையவும் அசையாது. இதைவிட என்னடா வேணும்?'' என்று முதலைக் குட்டைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். நிஜம்தான். வாயைப் பிளந்தபடி படுத்திருக்கும் முதலை, சிமென்ட் பொம்மையோ என்று நினைக்கிற அளவுக்கு அப்படியே கிடக்கிறது. வாயைத் திறந்து வைப்பது உடம்புச் சூட்டைச் சமாளிக்கவாம். முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதையும் சூடுதான் தீர்மானிக்கிறது. இந்தச் சதுப்பு முதலைக்கு 31 டிகிரிக்குக் கீழே என்றால் பெண், 32.5-ஐ ஒட்டி இருந்தால் ஆண். ஒன்றரை டிகிரி வித்தியாசத்தில் வம்சமே மாறிவிடுகிறது!

அங்கேயே இருளர் கூட்டுறவுச் சங்கத்தின் இடம். 1978-ல் ஆரம்பித்தது. பாம்புத் தோல் வியாபாரத்துக்குத் தடை வந்து பிழைப்பு போன இருளர்கள், அதே பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்ப உயிரோடு விடுகிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் - நாலு ஜாதி. வாய் கட்டிய மண்பானைகளில் வரிசையாக இருக்கின்றன. வயிற்றுச் செதிலில் சின்னதாக ஒரு அடையாள வெட்டு. அதே பாம்பை மறுபடி சீக்கிரமே பிடித்துவிடக் கூடாது என்பதற்கு. கடிக்கு மருந்து தயாரிக்க அந்த விஷம்தான் போகிறது. இந்தச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கே போய் ஒரு டஜனுக்கு மேல் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இரண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. ஓணான் பானை வரிசையை வரைந்தான். பாம்பு வெளியே தெரியாத பாம்புப் படம் அது. நன்றாகவே இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அவன் செல்போன் அடித்தது. அத்தை.

''குபேரன் எப்படிடா இருக்கான்?''

''சௌக்கியம், அத்தை.''

ஒப்படைத்த விஷயத்தை இதுவரை அவன் சொல்லவில்லை. அத்தைக்கு எண்பது நெருங்குகிறது. படம் அனுப்பு, ரொம்ப நாளாச்சு என்றார். ஓணான் ஸ்கெட்ச் புத்தகத்தைப் பின்னுக்குப் புரட்டி, கோடிக்கரைப் புல்வெளியில் வரைந்த ஆமையை செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ஐந்து நிமிஷத்தில் திரும்பவும் போன்.

''முதுகு நன்னா ஆயிடுத்தேடா! என்ன போட்டே?''

ஓணான் என்னைப் பார்த்தான்.

''புல்லு, அத்தை'' என்றான்.