வீகன்: கோட்டை எங்கே போடுவது?

ஹாஸ்டல் மெஸ்ஸில் மோர் வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு ஒரு வேலை கூடிவிட்டது. தினமும் ஒரு குறுக்கு விசாரணைக்கு ஆஜராக வேண்டும்!

"பால் குடிக்க மாட்டே, சரி. இடுப்புல கட்டியிருக்கியே, அது என்ன தோலு?" "தேன் சாப்பிடலாமா? தேனீ என்ன உன்கிட்ட வந்து அழுதுச்சா?" "காய்ச்சல் வந்தா கேப்சூல் போடுவியா?" "கொசு கடிச்சா அடிப்பியா, கும்புடுவியா?" இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காத வகுப்புத் தோழன் இன்னும் பிறக்கவில்லை :-)

கிண்டலாகக் கேட்டாலும் கேள்வி என்னவோ சரியானதுதான். விலங்கிலிருந்து வருவது எதுவும் வேண்டாம் என்று சொல்பவன் எந்த இடத்தில் நிறுத்துவான்? ரொம்ப நாளாக நேராகப் பதில் சொல்லாமல் நழுவிக்கொண்டிருந்தேன். போன வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய நிலை வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் வரலாறு. 'வீகன்' என்ற சொல்லுக்கு வயது எண்பதுக்கு மேல். இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்ற மரவேலை ஆசிரியரும் சில நண்பர்களும் 1944 நவம்பரில் கூடி வீகன் சொசைட்டியைத் தொடங்கினார்கள். 'வெஜிடேரியன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்தையும் ஒட்டிச் செய்த பெயர் அது. சைவம் தொடங்குவதும் முடிய வேண்டியதும் அங்கேதான் என்பது அவர்கள் வாதம்.

நம் ஊரில் சைவம் என்றால் பால் இல்லாமல் முடியாது. தயிர்சாதத்தை அசைவம் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். உணவுப் பொட்டலத்தில் உள்ள பச்சைப் புள்ளி பாலையும் தேனையும் ஏற்றுக்கொள்கிறது. வீகன் உணவுக்கென்று தனி விதிகளும் முத்திரையும் இந்தியாவில் 2022-ல்தான் வந்தன.

நான் பாலை விட்டதற்கு எந்தப் புத்தகமும் காரணம் இல்லை. காரணம் உடுமலைப் பக்கம் எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்) வீட்டுக் காளைக்கன்று.

ப்ளஸ் டூ லீவில் போயிருந்தேன். ஜெர்சி கலப்புப் பசு கன்று போட்டிருந்தது. கிடாரியாக இருந்தால் வளர்ப்பார்கள். காளைக்கு என்ன வேலை? உழுவதற்கு டிராக்டர், சினைக்கு ஊசி. இருபதாவது நாள் வியாபாரி வந்தார், கன்று பொள்ளாச்சி சந்தைக்கு வண்டி ஏறியது. தாய்ப்பசு இரண்டு ராத்திரி கத்தியது. மூன்றாவது நாள் காலையில் அமுச்சி வழக்கம்போல் காபியை நீட்டினார். எனக்கு இறங்கவில்லை.

இதில் யாரும் கெட்டவர் இல்லை. பசு கன்று போட்டால்தான் பால். பிறக்கும் கன்றுகளில் பாதி காளை. ஒன்றுக்கும் உதவாத காளைக்கு வருஷக்கணக்கில் தீனி போட்டால் அமுச்சியின் கணக்கு உதைக்கும். பாலைக் குடித்துக்கொண்டே கன்றுக்காக வருத்தப்படுவது எனக்குப் பொய்யாகத் தோன்றியது, அவ்வளவுதான்.

"ஏஞ்சாமி, மோருகூடவா ஆகாது?" என்று அமுச்சி ஒரே ஒரு தடவை கேட்டார். "இல்லீங்க அமுச்சி, ஒத்துக்கலீங்க" என்று மழுப்பினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. தன் கையால் கொடுத்ததைப் பேரன் பாவம் என்று தள்ளுகிறான் என்று எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

பாலை விட்டதும் மற்றதெல்லாம் வரிசையாக வந்து நின்றன. கேப்சூல் உறைக்கு ஜெலட்டின், அது எலும்பிலும் தோலிலும் இருந்து வருகிறது. மிட்டாயின் பளபளப்புக்கு அரக்குப்பூச்சியின் அரக்கு. சிவப்பு நிறத்துக்குக் கொச்சினீல் என்ற பூச்சி. பல வைட்டமின் டி மாத்திரைகளின் மூலம் செம்மறி ஆட்டு ரோமத்துக் கொழுப்பு. மிருதங்கத்தில் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும். இப்போது செயற்கைப் படலம் போட்ட மிருதங்கமும் வந்திருக்கிறது. ஆனால் கச்சேரிக்குப் போகும் ரசிகன் அதை விசாரித்துவிட்டா டிக்கெட் வாங்குவான்?

அப்புறம் பட்டு. உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் தோட்டங்கள் நிறைய. புழு முசுக்கொட்டை இலையைத் தின்று, நான்கு முறை தோல் உரித்து, தன்னைச் சுற்றிக் கூடு கட்டும். நல்ல கூட்டில் ஏறக்குறைய 1,000 மீட்டர் ஒரே இழையாக இருக்கும். அந்துப்பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்தால் இழை அறுந்துவிடும். அதனால் அதற்கு முன்பே கூட்டைச் சூடாக்கி உள்ளே இருப்பதைக் கொன்றுவிடுவார்கள். பூச்சி வெளியேறிய பிறகு கூட்டை நூற்கும் 'அகிம்சைப் பட்டை' ஐதராபாத்தைச் சேர்ந்த குசுமா ராஜையா பிரபலப்படுத்தினார். வெளியே வந்தாலும் மனிதன் வளர்த்து வளர்த்துப் பறக்கத் தெரியாமல் போன பூச்சி அது. சில நாளில் செத்துவிடும். எனவே பல வீகன்கள் அதையும் ஏற்பதில்லை.

அக்கா கல்யாணத்துக்குக் கூறைப்பட்டு எடுக்கும்போது இந்தப் பாடம் முழுவதையும் ஜவுளிக்கடையிலேயே நடத்தினேன். அக்கா புடவையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "டேய், உன் கோட்டை உன் வேட்டியில போட்டுக்க. என் பொடவையில போடாதே." கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் கோபம்தான். கல்யாணத்துக்குப் பருத்தி வேட்டியில் போய், நெய் ஊற்றாத சாதத்துக்காகப் பந்தியில் சண்டை போட்டு, நானே ஒரு காட்சிப் பொருள் ஆனேன்.

இதற்கு ஆறு மாதம் கழித்து அமுச்சி வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன். படுத்தே இருப்பதால் காலில் ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் தினமும் ஒரு ஊசி. துணைக்கு இருந்தவன் நான். மருந்து வாங்கி வருவதும் என் வேலை. பெட்டியைப் படிக்கிற கெட்ட பழக்கம் என்னை விடவில்லை. ஹெபாரின் வகை மருந்து. பன்றிக் குடலின் உள்சவ்விலிருந்து எடுக்கப்படுவது.

அமுச்சி சுத்த சைவம். முட்டை வெந்த பாத்திரத்தில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன். சொல்வதா, வேண்டாமா? சொல்லி, அவர் ஊசி வேண்டாம் என்றுவிட்டால்? சொல்லாவிட்டால், பந்தியில் நெய்க்குச் சண்டை போட்டவன் அமுச்சியின் உடம்பில் மட்டும் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று ஆகிவிடாதா?

ஹாஸ்டல் விசாரணையில் நான் மனப்பாடமாக ஒப்பிக்கும் பதில் ஒன்று உண்டு. வீகன் சொசைட்டியின் வரையறையே இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்துவரும்வரை என்றுதான் சொல்கிறது. டாக்டர் எழுதிய மருந்தை நிறுத்தச் சொல்லி அந்தச் சங்கம் யாரையும் கேட்பதில்லை. விவாதத்தில் அழகாக இருக்கும் பதில். வராந்தாவில் அது பாதிதான் உதவியது. எனக்கு எது இயலும் என்று நான் சொல்லலாம். அமுச்சிக்கு எது இயலும் என்று யார் சொல்வது?

அன்று ஊசி போட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன். அமுச்சி கொஞ்ச நேரம் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடாட்டி என்ன ஆகுமாம்?"

"ரத்தம் கட்டிக்குமுங்க. உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்றாருங்க."

"அப்பப் போடட்டும். ஏதோ ஒரு வாயில்லா சீவன் குடுத்துருக்குது." கொஞ்சம் நிறுத்தி, "அந்தக் கன்னு போன ராத்திரி நானும் தூங்குலே சாமி. அதச் சொன்னா நீ நம்புவியா?" என்றார்.

நான் என்ன சொல்வது? நம்புகிறேன் என்று தலையாட்டினேன். இத்தனை வருஷமாக அவருக்கு அது உறைக்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

முழுக்க ரசாயன முறையில் செய்யும் ஃபோண்டாபாரினக்ஸ் என்ற மாற்று மருந்தும் உண்டு என்று பின்னால் படித்தேன். அன்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்கலாம். 1980-கள் வரை சர்க்கரை நோயாளிகளின் இன்சுலின் பன்றி, மாடுகளின் கணையத்திலிருந்துதான் வந்தது. 1982-ல் பாக்டீரியாவை வைத்துத் தயாரித்த மனித இன்சுலினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நேற்று இயலாமல் இருந்தது இன்று இயல்கிறது. ஆக, கோட்டை ஒரு தடவை போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ள முடியாது. அவ்வப்போது எழுந்து போய், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று பார்க்க வேண்டும்.

இப்போதைக்கு என் கோடு இதுதான். பால், தேன், பட்டு, புதுத் தோல் கிடையாது. அப்பாவின் பழைய தோல் பெல்ட் அறுகிற வரை கட்டுவேன். குப்பையில் போட்டால் அந்த மாடு எழுந்து வரப்போவதில்லை. மருந்து என்றால் மாற்று உண்டா என்று கேட்பேன், இல்லை என்றால் போட்டுக்கொள்வேன். கொசு கடித்தால்... அடிப்பேன் சாமி, மன்னித்துவிடுங்கள் :-) அக்காவின் புடவையைப் பற்றி இனிமேல் பேச மாட்டேன். அவளாகக் கேட்டால் மட்டும் சொல்வேன்.

அமுச்சி இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். போன மாதம் போயிருந்தபோது காபி நீட்டவில்லை. ஒரு சொம்பில் தேங்காய்ப்பால், கருப்பட்டி போட்டு. "இதுக்குக் கன்னுக்குட்டி ஒண்ணும் இல்லியல்லோ?" என்றார்.

இரண்டு சொம்பு குடித்தேன்.