சுவரோரம் நின்ற கழுதை



என்னிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் இன்று ஒளிப்படக் கலைஞர். சென்ற மாதம் மதரஸாவுக்கு வந்து, சட்டமிட்ட பெரிய படமொன்றை அன்பளிப்பாகத் தந்தார். மாலி நாட்டின் ஜென்னே நகரப் பெரிய பள்ளிவாசல் அது. சுடாத மண்கற்களால் 1907இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஊர்மக்கள் கூடிச் சேறு பூசிக் காத்துவருவது. பனங்கழிகள் துருத்திநிற்கும் அச்சுவரோரம் தலைகவிழ்ந்து நின்றது ஒரு கழுதை.

“ஓவியமா?” என்றேன்.

“ஒளிப்படம்தான் ஹஜ்ரத். தூரிகைத் தடம் தெரியும்படி கணினியில் வண்ணமேற்றி, கேன்வாஸில் அச்சிட்டேன்.”

என் தயக்கம் அங்கேதான் தொடங்கிற்று. உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்துள்ளார்கள். ஒளிப்படம் கையால் வரைவதன்று, கண்ணாடியில் விழும் பிம்பத்தை நிறுத்திவைப்பதே எனக் கூறி இக்கால அறிஞர் பலர் அனுமதிக்கின்றனர், மறுப்போரும் உளர். அந்தப் பிம்பத்தின்மீது கலைஞரின் கை மீண்டும் படரும்போது, கண்ணாடி என்னும் நியாயம் எஞ்சுமா? அதைச் சுவரில் மாட்டுவதோ இன்னொரு கேள்வி.

மறுத்தால் அவர் மனம் நோகும். மாட்டினால் பிள்ளைகளுக்கு நான் நடத்தும் பாடம் பொய்யாகும். உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் வாடிற்று. “கழுதை இல்லையேல் அது வெறும் சுவர், ஹஜ்ரத்” என்றார்.

அன்றிரவு அந்தக் கழுதையே என் கண்ணில் நின்றது. வாயில்லா ஜீவன்கள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுங்கள் என்னும் நபிமொழியை எத்தனை முறை ஓதிக்கொடுத்திருப்பேன்! சுமை சுமந்து களைத்த ஒரு விலங்கை ஒருநாளேனும் நின்று பார்த்தேனா? பார்க்கவைத்தவர் என் மாணவர். மறுநாள் அழைத்து அதையும் சொன்னேன்.

உயிரற்றவற்றை வரைந்துகொள் என ஓவியர் ஒருவருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். அவ்வழியே அவர் வேறொரு படம் கொண்டுவந்தார்: அதே சுவர், அதே மாலை வெயில், கழுதை இல்லை, மண்ணில் அதன் குளம்படிகள் மட்டும். அது இப்போது மதரஸாவில் இருக்கிறது. மதீனாவில் நபியவர்கள் எழுப்பிய மஸ்ஜிதும் மண்கல்லாலானதே என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். குளம்படி யாருடையது என்று அவர்கள் கேட்கும்போது, அந்த நபிமொழியைச் சொல்கிறேன்.

இது என் முடிவு. உங்கள் இல்லத்துக்கு நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேளுங்கள். ஹலாலைப் பேணும் உள்ளத்தையும், அவன் படைப்புகளைக் கருணையோடு காணும் கண்ணையும் அல்லாஹ் நமக்குத் தருவானாக! ஆமீன்.