யாருக்காக இறங்குகிறோம்?

கேரி தீவிலே செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி உத்தியோகம் பார்த்துவரும் நமக்குப் பெரிய விஷயங்களைப் பற்றிப் பேனா பிடிக்கும் வழக்கம் இல்லை. உள்ளூர்ச் செய்தி, அரசியல்வாதிகளின் அறிக்கை, போலீஸ் சமாசாரம், பந்தாட்ட முடிவு, வீட்டுக் கவலை ஆகிய இவையே மாலை வேளையில் நம் மனத்தைச் சுற்றிவருவன. ஆயினும், சென்ற மாதம் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று இவ்வளவையும் ஒரே நூலில் கோத்துவிட்டது. அதை வாசகர்முன் வைக்க விரும்புகிறோம்.

ஒரு நாள் மாலை, ஒன்பது வயதுள்ள நம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தோட்டச் சாலையிலே நடந்துகொண்டிருந்தோம். எதிரே பழைய மோட்டார் சைக்கிளில் பெரியவர் ஒருவர் வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். இளமையில் பால்மரம் சீவி, பின்னாளில் செம்பனைக் குலை வெட்டி, ஓய்வு பெற்றவர். நம்மைக் கண்டதும் வண்டியை நிறுத்தினார்; இறங்கினார்; அதைத் தள்ளிக்கொண்டே நம்மைக் கடந்துபோய், பத்துப் பன்னிரண்டு அடி தாண்டிய பின்னரே மறுபடியும் ஏறிச் சென்றார். நாமும் தலையை அசைத்து அந்த மரியாதையை வாங்கிக்கொண்டோம்.

“அப்பா, தாத்தாவின் வண்டி கெட்டுப்போய்விட்டதா?” என்றாள் மகள்.

“இல்லை, அம்மா. பெரியவர்களைக் கண்டால் இறங்குவது அந்தக் காலத்து வழக்கம்” என்றோம்.

“அவர்தானே அப்பா உங்களைவிடப் பெரியவர்?”

இதற்கு நாம் என்ன விடை சொல்வது? ஆங்கிலவழிப் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டு படித்த படிப்பு அந்த ஒரு கேள்விக்கு முன் வாயடைத்து நின்றது.

அந்தப் பள்ளியிலே இங்கிலாந்து மன்னர்களின் வரிசையை ஒப்பிக்கக் கற்றோம். நாம் குடியிருக்கும் தீவுக்கு எட்வர்டு வாலண்டைன் கேரி என்னும் வெள்ளைத் தோட்ட முதலாளியின் பெயர் வந்ததையும் அறிந்தோம். ஆனால், 1941ஆம் ஆண்டிலே நம் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தத்தைப் பற்றி ஒரு வரிகூட நமக்கு எவரும் கற்பித்தாரில்லை. உத்தியோகத்துக்கு வந்த பிறகே, நூலகமொன்றில் ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் புரட்டும்போது அதைக் கண்டோம். அத்தொழிலாளரின் கோரிக்கைகளில், சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும் என்பது ஒன்று. 10 மணி, 12 மணி நேர வேலை ஒழிய வேண்டும், பிள்ளைகளுக்குச் சரியான கல்வி வேண்டும், வைத்திய வசதி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பெண்களிடம் முறைதவறி நடப்பது நிற்க வேண்டும், சங்கம் அமைக்க உரிமை வேண்டும் என்பன வேறு சில. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. வெள்ளைத் துரைமாரும் ஆசிய உத்தியோகஸ்தரும் எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்னும் கட்டாயம் நீங்கவேண்டும் என்பதே அது.

கூலி உயர்வோடு ஒரே பட்டியலில் சைக்கிளையும் சேர்த்தார்களே, என்ன வேடிக்கை என்று சிரிப்பாரும் இருக்கலாம். வேடிக்கை ஒன்றுமில்லை. கூலி குறைந்தால் வயிறு மட்டுமே காயும். வழியில் ஒருவனைக் கண்டு இறங்கி நிற்பவனுக்கோ, வயிறு நிறைந்திருந்தாலும் மனிதனாக இருக்க முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நாம் எண்ணும் அம்மக்கள் இதைத் தெளிவாக அறிந்திருந்தார்கள்.

அதன் முடிவு யாது? கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரும் தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றியவருமான ஆர். எச். நாதன் 1941 மே மாதத்தில் கைது செய்யப்பட்டுப் பின் நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் கொதித்தெழுந்தனர். போலீசும் பட்டாளமும் வந்தன. துப்பாக்கிச் சூட்டில் சிலர் மாண்டனர், பலர் சிறைப்பட்டனர். அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கிற்று. அப்படையினரில் பலர் சைக்கிளில் வந்தார்கள்! எந்தச் சைக்கிளில் தமிழன் ஏறியிருக்கக் கூடாது என்று சட்டம் பேசினார்களோ, அந்தச் சைக்கிளைக் கண்டே துரைமார் சிங்கப்பூரை நோக்கி ஓடினார்கள். அவர்கள் போன பின்னரும் தமிழனுக்கு நற்காலம் பிறக்கவில்லை. சயாம் ரயில் பாதையிலே தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் மடிந்தனர்.

நிற்க. மேற்படி கோரிக்கையிலே கண்ட “ஆசிய உத்தியோகஸ்தர்” என்போர் யாவர் என்பதையும் எண்ணிப் பார்த்தோம். கணக்கு எழுதியவர்களும், சம்பளப் பட்டியல் போட்டவர்களும், துரையின் ஆங்கிலத்தைத் தொழிலாளிக்கும் தொழிலாளியின் தமிழைத் துரைக்கும் மாற்றிச் சொன்னவர்களுமே அவர்கள். அதாவது, கிராணிமார். இன்று நாம் அமர்ந்திருப்பது அவர்களுடைய நாற்காலியில். நம் பாட்டனாரோ அந்நாற்காலியைக் கண்டு இறங்கி நின்றவர். இறங்கியவரின் பேரன் இப்பொழுது தலையசைத்து மரியாதை வாங்குகிறான். இதுவா முன்னேற்றம்?

இனி, நாமும் இறங்காதவர் அல்லர். லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்து வீடு திரும்பும்போது, ஓரிரவு போலீசார் சாலையை மறித்து வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கை காட்டினார்கள், நாம் காரை நிறுத்தினோம். எவரும் சொல்லாமலே இஞ்சினை அணைத்து, கதவைத் திறந்து, வெளியே இறங்கி, “துவான், துவான்” என்று மூன்று முறை சொல்லிவிட்டோம். அந்த இளைஞரோ, “ஏன் இறங்கினீர்கள்? உட்காருங்கள். உரிமத்தை மட்டும் காட்டுங்கள், போதும்” என்று மரியாதையாகச் சொன்னார். பின்னிருக்கையிலிருந்து மகள் இதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று நம்மிடம் குற்றமில்லை. அந்தப் போலீஸ்காரரிடமும் குற்றமில்லை. பின்னர் அந்த அச்சம் எங்கிருந்து வந்தது? 2009ஆம் ஆண்டு ஜனவரியில் சுபாங் ஜெயாவிலே போலீஸ் காவலில் குகன் என்னும் இளைஞர் இறந்தார். 2013இல் உயர் நீதிமன்றம் அவர் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. போலீசார்மீது வரும் புகார்களை விசாரிக்கச் சுதந்திரமான ஆணையம் வேண்டும் என்று அரச விசாரணைக் குழு பரிந்துரைத்தது 2005இல். போலீஸ் நடத்தைக்கென ஓர் ஆணையம் நடைமுறைக்கு வந்தது 2023 ஜூலையில். இடையில் கழிந்தவை பதினெட்டு ஆண்டுகள். வந்த ஆணையத்துக்கும் பல் போதாது என்று குறை கூறுவோர் பலர். இச்செய்திகளையெல்லாம் படித்த தமிழன் கை காட்டியவுடன் இறங்கிவிடுகிறான். அச்சத்தினால் செய்வதற்கு மரியாதை என்று பெயரிட்டு நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

இத்தீவிலே எவரும் எவருக்கும் இறங்காத இடம் ஒன்று உண்டென்றால், அது ஞாயிற்றுக்கிழமைப் பந்துத் திடல். அங்கே கிராணி மகனும், லாரி ஓட்டுபவர் மகனும், மா மெரி இளைஞரும், இந்தோனேசியாவிலிருந்து குலை வெட்ட வந்த தொழிலாளியும் ஒரே சேற்றில் புரளுகிறார்கள். விசில் ஊதினால் எல்லாரும் நிற்கிறார்கள். ஊதாவிட்டால் எவரும் நிற்பதில்லை. சிலாங்கூர் ஆட்டத்தின் பெருமை பேசும்போது, நீண்ட கைகளால் “ஸ்பைடர்மேன்” என்று பெயர் பெற்ற கோல்காவலர் ஆர். ஆறுமுகத்தை நம் பெரியவர்கள் மறப்பதில்லை. 1980இல் தென்கொரியாவை வென்று ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற மலேசிய அணியின் ஆட்டக்காரர் அவர். ஆப்கானிஸ்தான் பிரச்சினையால் மலேசியா மாஸ்கோவைப் புறக்கணித்தமையால் அவர்கள் ஒலிம்பிக்கில் ஆடவில்லை. 1988இல் சாலை விபத்தில் அவர் மறைந்தார். கம்பத்தடியில் நின்ற அத்தமிழரை எவரும் நகரச் சொல்லவில்லை. நாடு முழுவதும் அவரையே நம்பி நின்றது.

ஆனால், ஆட்டம் முடிந்து திங்கட்கிழமை விடிந்தால் என்ன காண்கிறோம்? நேற்று நம் காலிலிருந்து பந்தைப் பறித்த அந்த இந்தோனேசியத் தொழிலாளி, அலுவலகத்தின் வாசலிலே செருப்பைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து நிற்கிறான். தமிழன் இறங்கிய இடத்தில் இன்று வேறொருவன் இறங்குகிறான். ஆள் மாறிற்றே தவிர, வழக்கம் மாறவில்லை.

இவ்வளவையும் ஓரிரவு வீட்டிலே உணர்ச்சியோடு பேசிக்கொண்டிருந்தோம். நம் மனைவியார் சோறு பரிமாறிக்கொண்டே கேட்டிருந்தார். கடைசியில், “எல்லாம் சரிதான். நீங்கள் உண்டு எழும்வரை நான் நின்றுகொண்டே இருக்கிறேனே, இதற்கு எந்தக் கோரிக்கையில் இடம்?” என்றார். அவரும் கிள்ளானில் வேலைக்குப் போய்த் திரும்புபவர். நாள் முழுதும் நின்று வந்தவர். நமக்கு வாயில் வைத்த கவளம் இறங்கவில்லை. வெளியே கிராணி, வீட்டுக்குள்ளே துரை! அன்று முதல் மூவரும் சேர்ந்தே உண்கிறோம். இதைச் சாதனையாகச் சொல்லவில்லை. மணமாகிப் பதினோரு ஆண்டு கழித்துச் செய்ததை எப்படிச் சாதனை என்பது?

மறுநாள் மாலை அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போனோம். நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, தாம் நின்றார். “பெரியவரே, நீங்களும் உட்காருங்கள். இனி என்னைக் கண்டு வண்டியைவிட்டு இறங்க வேண்டாம். அந்தக் காலம் போய்விட்டது” என்றோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை.

“கிராணி ஐயா, எங்கள் அப்பா நாற்பத்தொன்றில் இறங்கமாட்டேன் என்று நின்றவர்; அதற்காக அடி வாங்கினவர். அவர் மகன் நான் பழக்கத்தினாலா இறங்குகிறேன்? நான் இறங்குவது உங்களுக்கு அல்ல ஐயா, உங்கள் மேசைக்கு” என்றார்.

நமக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று. அவர் குடியிருப்பது தோட்டத்து வீடு. பேரன் இங்கே வேலை செய்வதால் அவ்வீடு நிலைக்கிறது. பேரனுக்குக் கிள்ளான் துறைமுகத்தில் நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைத்திருக்கிறது. அவன் போனால் வீடும் போகும். ஆகவே, இன்னும் ஓராண்டு குடியிருக்க அனுமதி வேண்டி அவர் ஒரு கடிதம் கொடுத்திருந்தார். அக்கடிதம் ஆறு வாரமாக நம் மேசையிலே, மற்றக் காகிதங்களுக்கு அடியில் கிடந்தது. எவரும் தடுக்கவில்லை; நாமே மறந்தோம். ஆறு வாரமும் அவர் இறங்கி இறங்கி நினைவூட்டினார். நாமோ அதை மரியாதை என்று எண்ணித் தலையசைத்தோம்! அந்த வெட்கத்தை இங்கே எழுதாமல் விட்டால், இக்கட்டுரை வெறும் பசப்பாகும்.

இதிலிருந்து நாம் உணர்ந்த உண்மை இதுதான். இறங்கும் வழக்கத்தை வழக்கமென்று கண்டித்துப் பயனில்லை. ஒருவனுடைய கூரை இன்னொருவனின் பேனா முனையில் தொங்கும்வரை, சட்டம் இறங்கச் சொல்லாவிட்டாலும் அவன் இறங்கியே தீருவான். கூலி விஷயத்தில் ஓரளவு வழி பிறந்திருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 2013இல் 900 வெள்ளியாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி ஆயிற்று. அது கிராணியின் தயவில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. தொழிலாளர் வீட்டு வசதிக்கும் 1990ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தார்கள். ஆனால், அது வீடு எப்படி இருக்க வேண்டும் என்கிறதே தவிர, யாருக்குச் சொந்தமாக வேண்டும் என்று சொல்லவில்லை. நாற்பதாண்டு உழைத்தவன் ஓய்வு பெறும் நாளில் வீடற்றவனாகிறான். தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு என்று தேர்தல்தோறும் பேசுகிறார்கள். பேச்சு மேடையோடு இறங்கிவிடுகிறது.

கடிதத்தை மறுநாளே மேலிடத்துக்கு அனுப்பினோம். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. நேற்று மாலையும் பெரியவரைச் சாலையிலே கண்டோம். வண்டியை நிறுத்தினார், இறங்கினார். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவர் கையில் வீட்டுப் பத்திரம் இல்லாதபோது, இறங்காதே என்று கூறுவதும் மற்றோர் அதிகாரமே அன்றோ? நாம் நின்று வணக்கம் சொன்னோம். மகள், “தாத்தா, வணக்கம்” என்று இரு கைகூப்பினாள்.

அப்பெரியவர் தம் பெயரில் ஒரு வீட்டின் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியின் வேகத்தைக் குறைக்காமல், ஹார்னை அடித்து, ஒதுங்கி நில்லும் ஐயா என்று நம்மைக் கடந்துபோகும் நாள் வருமானால், அன்றுதான் 1941ஆம் ஆண்டின் கோரிக்கை நிறைவேறிற்று என்று எழுதுவோம். அந்த ஹார்ன் ஒலியைக் கேட்க ஆசைப்படுகிறோம்.