வெற்று மணல் அன்று

2019 நவம்பர் வரை காஞ்சிபுரம் கடலோர மாவட்டமாக இருந்தது. செங்கற்பட்டு தனி மாவட்டமானபோது கோவளம் அதனோடு சென்றது. தறி நம்மிடம் நின்றது, அலை நம்மை விட்டகன்றது. ஆயினும், 2002இல் உருவான செங்கற்பட்டு மறைமாவட்டத்தில் நம் நெசவாளரும் அக்கரை மீனவரும் இன்றும் ஒரே குடும்பத்தினர். ஆகவே அவ்வூரின் வரலாறு நமக்கு அந்நியமன்று.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்றைய பெல்ஜிய நாட்டிலுள்ள ஆஸ்டெண்டின் வணிகர்கள் கோவளத்தில் பண்டகசாலை அமைத்தனர். பின்னர் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியில் அங்குக் கோட்டை எழுந்தது. அதனைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். 1752இல் கிளைவின் படை வென்று தகர்த்தது. கோட்டை இருந்த இடத்தில் இன்று சொகுசு விடுதி நிற்கிறது. ஆனால், வணிகர் ஜான் டிமான்டி 1808இல் எழுப்பிய கார்மேல் அன்னை ஆலயத்தில் மீனவரின் செபம் ஓயவில்லை. அதே ஊரில் தமீம் அன்சாரி தர்காவும் இருக்கிறது.

2004 ஆழிப்பேரலையையும் தாங்கிய இவ்வூர், இன்று சென்னையின் புறநகராகிவிட்டது. 2021இல் அதன் கடற்கரைக்கு நீலக்கொடித் தகுதி கிடைத்தது. பெருமைதான். எனினும், உல்லாசமாக வருவோர் காண்பது வெற்று மணலை. மீனவர் காண்பதோ படகை ஏற்றி வைக்கும், வலையை உலர்த்தும் தொழிற்களத்தை. தெருவில் பாவு நீட்டி வாழும் காஞ்சி மக்களுக்கு இதை விளக்க வேண்டுமா? தெருவை இழந்தால் தறி நிற்கும்; மணலை இழந்தால் வலை நிற்கும்.

ஆண்டவர் தம் முதற்சீடரை அழைத்தது, வலைகள் கிடந்த ஒரு கரையிலேதான். அத்தகைய கரை கோவளத்து மீனவருக்கு நிலைக்கட்டும் என்று மன்றாடுவதோடு, அதற்காகக் குரல் கொடுப்பதும் நம் கடமையன்றோ?