கடதாசிக்குள் ஒரு குரல்

1996ஆம் ஆண்டின் கடைசியில் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு வந்து, நாங்கள் ஒரு நலன்புரி நிலையத்தில் தங்கியிருந்தோம். பக்கத்துக் கொட்டிலில் மலையகத்து அக்கா ஒருவர் இருந்தார். 1977 கலவரத்தோடு தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறி, பிறகு எங்களைப் போலவே மறுபடியும் இடம்பெயர்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. மகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். அவனுடைய கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன்.

முதல் கடிதத்தை வாசித்து முடித்ததும் அக்கா முகத்தைச் சுளித்தார். "எம் மகன் இப்படிப் பேச மாட்டானே தங்கச்சி. நீங்க பேசுற மாதிரியில்ல இருக்கு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. எழுதியிருந்ததை ஒரு எழுத்தும் பிசகாமல்தான் வாசித்தேன். 'நலம், நலமறிய ஆவல்' என்று எல்லோரும் எழுதுகிற தமிழ்தானே, அதில் யாழ்ப்பாணம் எங்கே வந்தது? பிறகுதான் பிடிபட்டது. எழுதின தமிழில் ஊர் தெரியாது. நான் வாய் திறந்ததும் என் ஊர் இழுவை அதில் ஏறிவிட்டது. கொக்குவிலில் பிறந்த ஒருத்தியின் வாயால் தன் மகன் பேசுவதை எந்தத் தாய்தான் பொறுப்பாள்?

அக்கா எனக்குப் பழக்கினார். "மெதுவா, தங்கச்சி. அவன் யோசிச்சு யோசிச்சுதான் பேசுவான்" என்பார். நானும் நிறுத்தி நிறுத்தி வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை மெல்ல அசைத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் 'நான் சுகமாக இருக்கிறேன்' என்று வாசித்ததும் கண்ணைத் திறந்தார். "பொய் சொல்றான். சாப்பிட்டியாம்மான்னு கேக்காம எம் மகன் கடுதாசி எழுதுனதே இல்ல. ஏதோ சொகமில்லாமக் கெடக்குறான்" என்றார். அடுத்த கடிதத்தில், இரண்டு கிழமை காய்ச்சலில் படுத்திருந்ததாக எழுதியிருந்தான். எழுத்தறிந்த எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது.

மனதுக்குள் வாசிக்கும்போதும் நாம் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே வாசிக்கிறோம் என்பதை இங்கிலாந்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நொட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு அது. வடக்கு இங்கிலாந்துக்காரருக்கும் தெற்குக்காரருக்கும் ஐந்தடிப் பாட்டுகளைக் கொடுத்து, வாய் திறவாமல் வாசிக்கச் சொன்னார்கள். (நமது மஹாகவி 'குறும்பா' என்று தமிழுக்குக் கொண்டுவந்தாரே, அந்த வகைப் பாட்டு.) கடைசிச் சொல் ஒருவருடைய உச்சரிப்பில் எதுகை சேரும், மற்றவருடையதில் சேராது. தன் உச்சரிப்பில் சேராத இடத்தில் வாசிப்பவரின் கண் தடுமாறியது. அக்கா கேட்டிருந்தால் "இதுக்கு ஒரு சோதனையா?" என்று சிரித்திருப்பார்.

என்னிடமும் ஒரு கடதாசி இருக்கிறது. 1997இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து தம்பி அனுப்பிய செஞ்சிலுவைச் செய்தி. அந்தப் படிவம் ஒட்டப்படாமல் திறந்தபடிதான் வரும். வீட்டுச் சங்கதி மட்டுமே எழுதலாம். பிறத்தியார் கண்ணும் படும் என்ற நினைப்பில் அவன் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி எழுதியிருந்தான். 'அம்மா நலமாக உள்ளார். வீட்டின் கூரை சேதமடைந்துள்ளது.' எங்கள் வீட்டில் யார் அப்படிக் கதைத்தது? கடைசி வரியில் மட்டும் இடம் போதாமல் நெருக்கி எழுதியிருந்தான்: 'அக்கா, கோழி வாங்கி அடை வைச்சாச்சோ?'

அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பதியச் சொன்ன இடமெல்லாம் பதிந்தோம். நிறமென்ன, உயரமென்ன, என்ன உடுப்புப் போட்டிருந்தார் என்று படிவங்களில் கேட்டார்கள். குரல் எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எப்போதும் தடிமன் பிடித்த குரல், அவசரத்தில் சொல்லின் பாதியை விழுங்கிவிடுவான். வீட்டில் அவன் குரல் பதிந்த கசற் ஒன்றுகூட இல்லை.

சில வருடங்களாக அந்தக் குரல் எனக்குச் சரியாக வருவதில்லை. முதல் வரிகளை வாசித்தால் வானொலிச் செய்தி போலிருக்கிறது. அந்த 'வைச்சாச்சோ'வுக்கு வந்தால்தான், அதுவும் அந்த 'ஓ'வில்தான், அவன் கொஞ்சம் வருகிறான்.

போன மாதம் பேத்தி அலுமாரியைக் கிளறும்போது அதை எடுத்து உரக்க வாசித்தாள். ஒன்பது வயது, நாள் முழுக்க இந்தியத் தொலைக்காட்சி பார்க்கிற பிள்ளை. கடைசி வரியை "வைச்சாச்சா?" என்று வாசித்தாள்.

"ஆ இல்லை பிள்ளை, ஓ" என்றேன். குரல் கொஞ்சம் உரத்துவிட்டது. பிள்ளை பயந்துபோய் என்னைப் பார்த்தாள். பிறகு, "அப்ப அவர் எப்பிடிச் சொல்லுவார், அம்மம்மா?" என்று கேட்டாள்.

சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை என் குரல்தான் வந்தது. இரண்டாம் தடவையும் அப்படித்தான். பிறகு மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டு, அவசரமாகச் சொன்னேன். பிள்ளை சிரித்துவிட்டு, தன் மூக்கையும் பிடித்துக்கொண்டு, அப்படியே திருப்பிச் சொன்னாள்.